யார் எழுதினாலும் பொறுப்பு நிறுவனத்துக்கே: சமூக வலைத்தள ஏமாற்றும் சட்டமும்

2014ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கனடாவின் பெரும் தொலைத்தொடர்பு நிறுவனமான பெல் கனடாவின் கைபேசிச் செயலிகளைப் பற்றி ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளில் சில பாராட்டுக் குறிப்புகள் வெளியாயின. நட்சத்திர மதிப்பெண்களும் தாராளமாக வழங்கப்பட்டிருந்தன. அவற்றை எழுதியவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே. ஆனால் தாங்கள் ஊழியர்கள் என்பதை அவர்கள் எங்கும் குறிப்பிடவில்லை.

விடயம் தெரியவந்ததும் அந்தக் குறிப்புகளை நிறுவனம் நீக்கச் செய்தது. செயலிகள் இலவசமானவை என்பதால் யாருடைய பணமும் பறிபோகவில்லை. ஆயினும் 2015 அக்டோபரில், கனடாவின் வர்த்தகப் போட்டிக் கண்காணிப்பு அமைப்புடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பெல் கனடா 12 லட்சத்து 50 ஆயிரம் கனேடிய டாலர்களைத் தண்டமாகச் செலுத்த ஒப்புக்கொண்டது. பொதுமக்கள் எழுதியவைபோல் தோன்றிய குறிப்புகள் உண்மையில் ஊழியர்கள் எழுதியவை என்பதே அதன்மீது கூறப்பட்ட குறை.

சமூக வலைத்தளங்களையும் இணைய விமர்சனங்களையும் வணிக நிறுவனங்கள் பயன்படுத்தும் விதம் குறித்துப் பல நாடுகளில் உருவாகிவரும் சட்டத்தின் போக்கை இந்த வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. எழுதிய கை யாருடையது என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. அந்த எழுத்தால் ஆதாயம் அடைவது யார், அதைத் தூண்டியது யார், நீக்கக்கூடிய நிலையில் இருந்தது யார் என்றும் அது கேட்கிறது. இந்த மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது.

புலம்பெயர்ந்த தமிழரின் வணிகத்தில் இது சின்ன விடயமல்ல. டொராண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் நகைக்கடை, உணவகம், திருமண மண்டபம், பயண முகவர் நிலையம் என்று நடத்துவோரில் பலர், பத்திரிகை விளம்பரத்தைக் கைவிட்டு முகநூலுக்கும் டிக்டாக்குக்கும் மாறியிருக்கின்றனர். பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும்போது சொற்களை நிறுத்தி நிதானித்து எழுதியவர்கள், முகநூலில் எழுதும்போது அது ஏதோ திண்ணைப் பேச்சு என்று எண்ணிவிடுகிறார்கள்.

லண்டன் புறநகர் ஒன்றில் உணவகம் திறந்த நண்பர் ஒருவர், முதல் வாரத்திலேயே கனடாவிலும் ஜெர்மனியிலும் உள்ள உறவினர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு வேண்டுகோள் அனுப்பினார். ஆளுக்கு ஐந்து நட்சத்திரம், கூடவே இரண்டு வரி. அவர்களில் ஒருவர்கூட அந்தக் கடையின் தோசையைச் சாப்பிட்டதில்லை. இது சட்டச் சிக்கலாகலாம் என்று நான் சொன்னபோது, "எழுதியது மைத்துனர்மார்தானே, நான் ஒரு வரியும் எழுதவில்லையே" என்றார். அந்த வாதம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

வாடிக்கையாளர் எழுதியதற்கும் பொறுப்பு

ஊழியரின் எழுத்துக்கு நிறுவனம் பொறுப்பாவதைப் புரிந்துகொள்வது எளிது. வாடிக்கையாளர் தாமாகவே எழுதியதற்கு எப்படிப் பொறுப்பாக முடியும்? இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2011ஆம் ஆண்டிலேயே விடையளித்துவிட்டது.

அலர்ஜி பாத்வே என்ற நிறுவனம், ஒவ்வாமை நோய்களைக் கண்டறிந்து குணப்படுத்த முடியும் என்று விளம்பரம் செய்து வந்தது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழக்குத் தொடுத்ததையடுத்து, அத்தகைய கூற்றுகளை இனிமேல் வெளியிடுவதில்லை என்று நிறுவனம் நீதிமன்றத்தில் உறுதிமொழி அளித்தது. அதற்குப் பின்னரும் அதன் முகநூல், ட்விட்டர் பக்கங்களில் வாடிக்கையாளர்களின் நன்றிக் குறிப்புகள் வந்துகொண்டிருந்தன. தங்களுக்குக் குணமாகிவிட்டதாகப் பலர் எழுதியிருந்தனர். நிறுவனம் அவற்றை எழுதவில்லை. ஆனால் அவை அங்கே இருப்பதை அறிந்திருந்தும் நீக்கவில்லை.

அறிந்தும் நீக்காமல் விட்ட கணத்திலிருந்து அந்தக் குறிப்புகளின் வெளியீட்டாளர் நிறுவனமே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனத்துக்கும் அதன் இயக்குநருக்கும் தலா 7,500 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தொகை சிறியது. ஆனால் தீர்ப்பின் தாக்கம் பெரியது. தான் எழுதினால் பொய்யாகிவிடக்கூடிய ஒன்றை, பிறர் எழுதியது என்ற பெயரில் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு வணிகருக்கு உரிமையில்லை என்பது இதன் பொருள்.

அந்த நிறுவனம் ஏற்கெனவே நீதிமன்றத்தில் உறுதிமொழி அளித்திருந்தது என்பதையும், அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு என்பதையும் மறந்துவிடக்கூடாது. எல்லா நாட்டிலும் எல்லா வாடிக்கையாளர் குறிப்புக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் மூலிகை மருந்து, சித்த வைத்தியம், உடல் எடைக் குறைப்பு, முடி வளர்ப்புத் தைலம் முதலானவற்றை முகநூல் வழியாக விற்போர் இந்தத் தீர்ப்பைப் படித்துப் பார்ப்பது நல்லது. அவர்களுடைய விளம்பரத்தின் பெரும்பகுதியே வாடிக்கையாளரின் நன்றிக் கடிதங்கள்தான்.

காசு கொடுத்துப் பெற்ற வாழ்த்து

2015 மார்ச் மாதத்தில் ஒரு வார இறுதியில், அமெரிக்காவின் பிரபல பதிவர்கள் 50 பேர் ஒரே உடையை அணிந்தபடி இன்ஸ்டாகிராமில் படம் வெளியிட்டனர். லார்ட் அண்ட் டெய்லர் என்ற பழம்பெரும் கடை அந்த உடையை அவர்களுக்கு இலவசமாக அனுப்பியிருந்தது. கூடவே ஒவ்வொருவருக்கும் ஆயிரம் முதல் நான்காயிரம் டாலர் வரை கொடுத்திருந்தது. படங்களைக் கடையே முன்கூட்டிப் பார்த்து ஒப்புதல் அளித்திருந்தது. கடையின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். காசு வாங்கியதைக் குறிப்பிட வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. இரண்டு நாள்களில் 1 கோடியே 14 லட்சம் பேர் அந்தப் படங்களைப் பார்த்தனர். உடை விற்றுத் தீர்ந்தது.

அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது பதிவர்கள் மீதல்ல, கடைமீது. 2016இல் ஏற்பட்ட உடன்பாட்டில் அபராதம் எதுவும் இல்லை. ஆனால் இனிவரும் ஆண்டுகளில் தான் அமர்த்தும் பதிவர்களைக் கண்காணிக்கும் கடமை கடைக்கு வந்து சேர்ந்தது.

அபராதமின்றி முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதல் தடவை ஏமாற்றுவோரிடம் நேரடியாகத் தண்டம் வசூலிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு மிகக் குறைவாகவே இருந்தது. 2021இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, நுகர்வோர் இழந்த பணத்தை நீதிமன்றத்தின் வழியாக மீட்கும் வாய்ப்பையும் பெருமளவு சுருக்கியது. இதற்கு மாற்றாகவே, போலி விமர்சனங்களைத் தடைசெய்யும் தனி விதி ஒன்றை ஆணையம் கொண்டுவந்தது. 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதியை அறிந்தே மீறுவோர், மீறல் ஒன்றுக்கு 50 ஆயிரம் டாலருக்கும் அதிகமாகச் செலுத்த நேரிடலாம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்படும் விமர்சனங்களும், நிறுவனத்தினர் தமது அடையாளத்தை மறைத்து எழுதுபவையும் இதில் அடங்கும். போலிப் பின்தொடர்வோரை விற்பது மட்டுமல்ல, வணிக நோக்கத்துக்காக வாங்குவதும் குற்றம். டெவுமி என்ற நிறுவனம் இத்தகைய போலிப் பின்தொடர்வோரை விற்றதற்காக 2019இல் நடவடிக்கைக்கு உள்ளானபோது, அதனிடம் வாங்கியவர்கள் தப்பிவிட்டனர். இனி அவ்வாறு எளிதில் தப்ப முடியாது.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. பிரபல பதிவர்களின் வணிக நடவடிக்கைகளை முறைப்படுத்தும் 2023 ஜூன் மாதச் சட்டத்தின்படி, விளம்பரம் என்பதைப் பதிவிலேயே தெளிவாகக் காட்ட வேண்டும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் 3 லட்சம் யூரோ வரை அபராதமும் விதிக்கப்படலாம். பதிவரால் மூன்றாம் தரப்பினருக்கு இழப்பு ஏற்பட்டால், அவரும் அவரது முகவரும் விளம்பரம் கொடுத்த நிறுவனமும் கூட்டாகப் பொறுப்பேற்க நேரிடலாம். லா சப்பல் பகுதியில் கடை வைத்திருப்பவர், ஒரு காணொளிக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு 'அவர் பேசியது அவருடைய கருத்து' என்று கைகழுவ இங்கே வழியில்லை.

சென்னையில் உள்ள திரைக் கலைஞர்களையோ யூடியூப் பிரபலங்களையோ கொண்டு விளம்பரம் செய்வோர் இந்திய விதிகளையும் கவனிக்க வேண்டியிருக்கும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாயும் தொடர்ந்தால் 50 லட்சம் ரூபாயும் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. விளம்பரத்தில் தோன்றுபவருக்கு முதலில் ஓராண்டும் பின்னர் மூன்றாண்டும் தடை விதிக்கலாம். கடை வெளிநாட்டில், படப்பிடிப்பு சென்னையில், பார்ப்பவர்கள் இரு நாட்டிலும் என்றால், இரு நாட்டு அதிகாரிகளும் கேள்வி கேட்கக்கூடும்.

குறையை மறைப்பதும் ஏமாற்றே

பொய்யான பாராட்டு ஒருபுறம் இருக்க, உண்மையான குறையை மறைப்பதையும் நீதிமன்றங்கள் ஏமாற்றாகவே பார்க்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெரிட்டன் தங்கும் விடுதி நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சிறந்த உதாரணம்.

தங்கிச் சென்றவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை விடுதி டிரிப் அட்வைசர் தளத்துக்கு அனுப்பும். அந்தத் தளம் அவர்களிடம் கருத்துக் கேட்கும். முறைப்பாடு செய்தவர்களின் முகவரிகளில் மட்டும் விடுதி ஊழியர்கள் கூடுதலாகச் சில எழுத்துகளைச் செருகினார்கள். முகவரி பிழையானதால் கருத்துக் கேட்கும் மடல் அவர்களைச் சென்றடையவில்லை. மின்தூக்கி பழுதடைந்த நாள்களிலும் சுடுநீர் வராத நாள்களிலும் தங்கியவர்களுக்குக் கூட இதே கதி. விடுதி ஒரு பொய்யையும் எழுதவில்லை. யாரையும் எழுத வேண்டாம் என்று சொல்லவுமில்லை. ஆயினும் 2018இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

அமெரிக்காவின் ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம், தனது இணையக் கடையில் நான்கு நட்சத்திரத்துக்குக் குறைவான விமர்சனங்கள் தோன்றாமல் செய்தது என்ற குற்றச்சாட்டின் பேரில் 2022இல் 42 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. முகநூல் பக்கத்தில் குறை சொல்பவரைத் தடைசெய்துவிட்டுப் புகழ்பவரை மட்டும் வைத்திருக்கும் பழக்கம் நமது வணிகர்களிடையே சர்வசாதாரணம். வசைச் சொல்லையோ பொய்யையோ நீக்குவதை யாரும் தவறென்று சொல்வதில்லை. கெட்டுப்போன இனிப்பைப் பற்றி எழுதியதை நீக்குவது வேறு.

முதலாளியின் கைபேசி

2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி டெஸ்லா நிறுவனத்தின் தலைவர் ஈலோன் மஸ்க், பங்கு ஒன்றுக்கு 420 டாலர் விலையில் நிறுவனத்தைத் தனியார் உடைமையாக்க எண்ணுவதாகவும் அதற்கான நிதி உறுதியாகிவிட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார். நிதி உறுதியாகியிருக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. ஏழே வாரங்களில் மஸ்க் 2 கோடி டாலரும் டெஸ்லா 2 கோடி டாலரும் செலுத்த இணங்கி வழக்கை முடித்துக்கொண்டனர். இயக்குநர் குழுத் தலைவர் பதவியிலிருந்தும் அவர் விலகினார். பின்னர் பங்குதாரர்கள் தொடுத்த தனி வழக்கில், 2023இல் நடுவர் குழு அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

எழுதியவர் மஸ்க். டெஸ்லா ஏன் பணம் கட்டியது? அவருடைய ட்விட்டர் கணக்கின் வழியாகவும் நிறுவனத் தகவல்கள் வெளியாகும் என்று 2013இல் டெஸ்லாவே முதலீட்டாளர்களுக்கு அறிவித்திருந்தது. அறிவித்த பின்னர் அந்தக் கணக்கைக் கண்காணிக்க எந்த ஏற்பாட்டையும் செய்யவில்லை.

பிரிட்டனில் மாறியிருக்கும் நிலைமை

பிரிட்டனில் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் விதிமுறைகளுக்குப் பதிலாக 2024ஆம் ஆண்டின் மின்னணுச் சந்தைகள், வணிகப் போட்டி மற்றும் நுகர்வோர் சட்டம் வந்துள்ளது. அதன் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளது. உண்மையான அனுபவத்தின் அடிப்படையில் அமையாத விமர்சனத்தை எழுதுவது மட்டுமல்ல, பிறரைக் கொண்டு எழுதவைப்பதும் இப்போது வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. எனது நண்பரின் மைத்துனர் வாதம் விழுவது இந்த இடத்தில்தான். விமர்சனம் எழுதினால் ஒரு இனிப்பு இலவசம் என்று அறிவித்துவிட்டு, அந்தச் சலுகையை மறைத்துக் கருத்துகளைப் பெறுவதும் தடைக்குள் வருகிறது.

சட்டத்தைச் செயற்படுத்தும் முறைதான் பெரிதும் மாறியிருக்கிறது. முன்னர் வர்த்தகப் போட்டி ஆணையம் நீதிமன்றம் சென்று ஆணை பெறவேண்டியிருந்தது. இப்போது அந்த ஆணையமே விசாரித்து, தானே தீர்மானித்து, நிறுவனத்தின் உலகளாவிய விற்பனை வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். மனிதவளம் குறைந்த ஆணையம் கிழக்கு லண்டனின் சிறு கடையைத் தேடி வருமா என்று கேட்கலாம். முதலில் பெரிய தளங்களையே அது குறிவைத்துள்ளது. போலி விமர்சனங்களைத் தடுக்கக் கூடுதல் நடவடிக்கை எடுப்பதாக கூகுளும் அமேசானும் 2025இல் அதனிடம் உறுதியளித்தன. ஆனால் நகராட்சிகளின் வர்த்தகத் தர அதிகாரிகளும் நீதிமன்றத்தை நாட முடியும் என்பதை மறக்கக்கூடாது.

இது நுகர்வோர் சட்டம். ஏமாற்றும் நோக்கம் தெளிவாக இருந்தால் குற்றவியல் சட்டம் வருகிறது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின்படி, பொய்யெனத் தெரிந்தே ஒரு கூற்றை நேர்மையற்ற முறையில் ஆதாயம் கருதி வெளியிட்டாலே குற்றம் நிறைவடைந்துவிடுகிறது. யாரும் நம்பியிருக்க வேண்டியதில்லை, பணத்தை இழந்திருக்கவும் வேண்டியதில்லை. அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டுச் சிறை. இல்லாத விமானச் சீட்டை முகநூலில் விற்க முயல்பவர் அன்றே குற்றவாளி.

2023 டிசம்பர் 26 முதல், உயர்நிலை மேலாளர் ஒருவர் தமது அதிகாரத்துக்குட்பட்டு இத்தகைய பொருளாதாரக் குற்றத்தைச் செய்தால் நிறுவனமும் அதே குற்றத்தைச் செய்ததாகக் கருதப்படுகிறது. நிறுவனத்தின் அளவு இங்கே பொருட்டல்ல. 2025 செப்டம்பர் 1 முதல், மோசடியைத் தடுக்கத் தவறுவதே பெரிய நிறுவனங்களுக்குத் தனிக் குற்றமாகிவிட்டது. 250க்கு மேற்பட்ட பணியாளர், 3 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வருவாய், 1 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட சொத்து ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் அது பெரிய நிறுவனம். நியாயமான தடுப்பு ஏற்பாடுகள் இருந்தன என்று நிரூபிப்பதே தப்பும் முக்கிய வழி. சிறு விளம்பர நிறுவனங்கள் இதற்கு வெளியே இருப்பதாக நினைக்கக்கூடும். ஆனால் பெரிய நிறுவனத்துக்காகப் பணியாற்றும் முகவர் செய்யும் மோசடியும் இந்தச் சட்டத்துக்குள் வருவதால், பெரிய நிறுவனங்கள் தம்மிடம் வேலை பெறுவோரின் ஒப்பந்தங்களை இறுக்கத் தொடங்கினால் வியப்பதற்கில்லை.

ஆதாரம் எங்கிருந்து வருகிறது

போலிப் பெயரில் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணமே பலரை இதில் இழுத்துவிடுகிறது. சண்டே ரைலி என்ற அமெரிக்க அழகுசாதன நிறுவனம், தனது பொருட்களைப் புகழ்ந்து செஃபோரா தளத்தில் எழுதுமாறு ஊழியர்களைப் பணித்திருந்தது. கணினியின் இருப்பிடத்தை மறைப்பது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தது. அத்தனை முன்னெச்சரிக்கையையும் ஒரே ஒரு மின்னஞ்சல் கெடுத்தது. 2018இல் முன்னாள் ஊழியர் ஒருவர் அந்த அறிவுறுத்தலை இணையத்தில் வெளியிட்டுவிட்டார். மறு ஆண்டு வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கை வந்தது.

கூட்டுக் குடும்பமாக நடத்தும் தொழில்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மனக்கசப்போடு விலகும் பங்காளியின் கைபேசியில் எல்லா வாட்ஸ்அப் செய்திகளும் அப்படியே இருக்கும்.

வணிகரே ஏமாறும்போது

கடையின் பெயரிலும் சின்னத்திலும் போலிப் பக்கம் தொடங்கி வாடிக்கையாளரிடம் முன்பணம் பறிப்பது இப்போது அடிக்கடி நிகழ்கிறது. இதில் கடைக்காரரும் பாதிக்கப்பட்டவரே. ஆனால் கடையின் உண்மையான கணக்கு ஊடுருவப்பட்டு, வாடிக்கையாளரின் விவரங்கள் களவு போயிருந்தால் நிலைமை வேறு. அவர்களுக்குப் பாதிப்பு ஏற்படக்கூடும் என்றால், பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். வெட்கப்பட்டு மௌனம் காப்பது தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

போலி விநியோகத்தருக்குப் பணம் அனுப்பி ஏமாறும் மிகச் சிறு நிறுவனங்களுக்கு 2024 அக்டோபர் 7 முதல் பிரிட்டனில் ஒரு பாதுகாப்பு உண்டு. பத்துக்கும் குறைவான பணியாளரைக் கொண்ட கடைகள், சில நிபந்தனைகளின்கீழ், 85 ஆயிரம் பவுண்டு வரை வங்கியிடமிருந்து திரும்பப் பெறலாம். உள்நாட்டுக் கொடுப்பனவுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். சென்னைக்கோ கொழும்புக்கோ அனுப்பிய பணத்துக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. புடவையும் நகையும் மளிகைப் பொருளும் தருவிக்கும் கடைகளுக்கு இந்த விதிவிலக்குத்தான் முக்கியம்.

மீண்டும் கனடாவுக்கு வருவோம். பெல் வழக்கின் காலத்தில் இருந்ததைவிட அங்கே தண்டம் கூடியிருக்கிறது. 2022 முதல் நிறுவனங்களுக்கான உச்சவரம்பு முதல் முறை ஒரு கோடி டாலர், அல்லது ஏமாற்றால் கிடைத்த ஆதாயத்தின் மும்மடங்கு, இதில் எது அதிகமோ அது. ஆதாயத்தைக் கணக்கிட முடியாவிட்டால் உலகளாவிய ஆண்டு வருவாயின் 3 சதவீதம் அளவுகோலாகும். அத்துடன் 2025 ஜூன் 20 முதல், ஏமாற்று விளம்பரம் குறித்து அரச கண்காணிப்பு அமைப்பு மட்டுமே நடவடிக்கை எடுக்கலாம் என்ற நிலை இல்லை. வர்த்தகப் போட்டித் தீர்ப்பாயத்தின் அனுமதி பெற்றுத் தனியாரும் வழக்குத் தொடரலாம். தெருவுக்கு எதிர்ப்புறம் கடை வைத்திருப்பவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.